பழைய பயணி விமான விபத்துகள்: 'மோசமான வானிலை' என்று போட்டால் போதுமா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, பயணி விமானங்களின் முதல் இருபது வருடங்களைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி தயார் செய்கிறோம். 1919-லிருந்து 1940 வரை. அதில் விபத்துகளுக்கு ஒரு பகுதி உண்டு. கைக்குக் கிடைக்கிற பட்டியல்களில் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'மோசமான வானிலை' என்று மட்டும் போட்டிருக்கிறது. பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. "மூடுபனி எப்படி டீச்சர் விமானத்தைக் கீழே தள்ளும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மழை, மூடுபனி, புயல் என்று சொல்லும்போது விமானத்தில் உண்மையில் எது கெட்டுப்போனது, விமானிக்கு எது தெரியாமல் போனது என்று யாராவது விளக்க முடியுமா? ஐஸ் பிடிப்பதெல்லாம் குளிர்நாட்டு விஷயம் என்று விட்டுவிடலாமா, இல்லை நம் பக்கத்துக்கும் பொருந்துமா? ஆர்101 ஆகாயக் கப்பலைச் சேர்க்கலாமா? பெரிய செலவில்லாமல் வகுப்பிலேயே செய்துகாட்ட ஏதாவது சோதனை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கச்சான்காற்று பதில்:

டீச்சர், பிள்ளைகள் கேட்டது சரியான கேள்வி. மூடுபனி விமானத்தைத் தள்ளாது. மூடுபனிக்குள் இறக்கையும் எஞ்சினும் வழக்கம்போலத்தான் வேலை செய்கின்றன. போவது கண். அந்தக் காலத்தில் கண் போனால் எல்லாமே போனது மாதிரி, ஏனென்றால் வழி கண்டுபிடிக்க, உயரம் கணிக்க, விமானத்தை நேராக வைத்துக்கொள்ள, மூன்றுக்குமே கண்தான்.

முதலில் வழி. 1922 ஏப்ரல் 7, வடக்கு பிரான்ஸில் பிக்கார்டி பகுதி. லண்டனிலிருந்து பாரிஸுக்குத் தபாலோடு ஒரு டி ஹாவிலாண்ட் 18, பாரிஸிலிருந்து லண்டனுக்கு மூன்று பயணிகளோடு ஒரு ஃபார்மன் கோலியாத். தூறலும் மூடுபனியும். தரை தெரிய வேண்டுமே என்று இரண்டுமே 150 மீட்டர் உயரத்துக்கு இறங்கி, ஒரே பாதையின் மேலே எதிரெதிராக வந்தன. நேருக்கு நேர் மோதி ஏழு பேரும் இறந்தார்கள். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஒன்று மணிக்கு 160 கிலோமீட்டர், மற்றது 120. சேர்த்து 280, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 78 மீட்டர். 300 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டாலும் கைவசம் இருப்பது நான்கு நொடிக்கும் குறைவு. அதற்குப் பிறகுதான் பாதையின் வலப்பக்கமாகப் பறக்க வேண்டும் என்ற விதி வந்தது. சாலையோ தண்டவாளமோ ஆறோ, அதை எப்போதும் இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டால் எதிரே வருகிறவர் மறுபக்கம் போய்விடுவார்.

அடுத்தது தூரக் கணக்கு. இதற்கு ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிளவுட் விபத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கண்காட்சியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைக்கச் சொல்வேன். 1931 மார்ச் 21 காலையில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு, மூன்று எஞ்சின் வைத்த ஆவ்ரோ 10 விமானம், இரண்டு விமானிகள், ஆறு பயணிகள். விமானம் கிளம்பிய பிறகு வானிலை அலுவலகத்துக்கு வந்த புதுத் தகவல்படி வழியில் கடும் புயல்காற்று. தகவல் கையில் இருக்கிறது, சொல்ல வழியில்லை. விமானத்தில் ரேடியோவே கிடையாது. 27 வருடம் கழித்து, 1958 அக்டோபரில், ஸ்னோயி மலைக்காட்டில் சிதைந்த பாகங்களை ஒரு தொழிலாளி தற்செயலாகப் பார்த்தார்.

நடந்திருக்கக்கூடியதைக் கணக்காகச் சொல்கிறேன். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். எதிர்க்காற்று 70 என்றால் தரையைப் பொறுத்து வெறும் 90. மூன்று மணி நேரம் கழித்து விமானி 480 கிலோமீட்டர் வந்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் வந்தது 270. விடுபட்ட 210 கிலோமீட்டர் என்பது திருநெல்வேலியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாலை வழியாகப் போகிற தூரம். மலையைத் தாண்டியாயிற்று, இனி சமவெளி என்று நம்பி மேகத்துக்குள் இறங்கினால் கீழே இருப்பது மலை. வேகமானி காற்றைத்தான் அளக்கும், தரையை அளக்காது. இதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும், பாதி விபத்துகள் அவர்களுக்கே புரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1938 அக்டோபர் 25, கியேமா என்ற டிசி-2 பயணி விமானம் மெல்போர்னை நெருங்கும்போது மேக இடைவெளியில் தெரிந்த ஊரை வேறொரு ஊர் என்று எண்ணியதால், இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, நகரத்தையும் தாண்டிப் போய் டாண்டினாங் மலையில் மோதியது. 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டும் ரேடியோக் கருவிகள் அங்கே ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தன, ஆனால் பயன்பாட்டுக்குத் திறக்கப்படவில்லை. இதையும் 'மோசமான வானிலை' என்று எழுதினால் அது பொய்க்குச் சமம். இதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பயணத்தின் திட்டத்தையும் தரையிலிருந்தே சரிபார்க்க அதிகாரிகளை வைத்தார்கள்.

மூடுபனியில் தாழப் பறப்பதற்கு 1933 டிசம்பர் 30: கொலோனிலிருந்து லண்டன் போன இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் பெல்ஜியத்தில் ரூய்ஸெலேடே என்ற ஊரின் ரேடியோக் கம்பத்தில் மோதி பத்துப் பேர் இறந்தார்கள். மூடுபனியில் கிளம்புவதற்கு 1936 டிசம்பர் 9: லண்டன் குராய்டன் நிலையத்தில் புல்தரையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். எதிரே எதுவும் தெரியாவிட்டாலும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி ஓடிக் கிளம்பலாம் என்று அனுமதி இருந்தது. கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் டிசி-2 ஓட்டத்தின் நடுவே கோட்டைவிட்டு இடப்பக்கம் விலகி, பக்கத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். தலைக்கு மேல் இறக்கை சுழலும் ஆட்டோஜைரோ விமானத்தைக் கண்டுபிடித்த யுவான் தெ லா சியெர்வா அவர்களில் ஒருவர்.

ஆர்101 சேருங்கள். கராச்சிக்குக் கிளம்பிய கப்பல், நம் நாட்டோடு நேரடித் தொடர்பு. 1930 அக்டோபர் 5 அதிகாலை, பிரான்ஸில் பூவே அருகே, 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். மழையும் சூறைக்காற்றும் இருந்தது உண்மை. ஆனால் முன்பகுதி வாயுப் பைகளிலிருந்து வாயு வெளியேறியது பற்றியும், முழுமையாகச் சோதிக்காமல் அவசரமாக அனுப்பியது பற்றியும் ஒரு வரியாவது இருக்கட்டும். பழியெல்லாம் காற்றின் மேல் போக வேண்டாம்.

பழைய எஞ்சின் பதில்:

கச்சான்காற்று அண்ணாச்சி கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் எஞ்சின், இறக்கை, கருவிகள் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஐஸ் இரண்டு விதம். இறக்கையில் பிடிப்பது ஒன்று, எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள் பிடிப்பது இன்னொன்று. நம் ஊரில் வெப்பநிலை சுழியத்துக்கு வருவது ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில்தான். 1930-களின் விமானங்களில் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாததால் பெரும்பாலும் 3,000 மீட்டருக்குக் கீழேதான் பறந்தன. ஆகவே இறக்கை ஐஸ் தமிழ்நாட்டுக்கு அப்போது பெரிய கவலை இல்லை.

கார்புரேட்டர் ஐஸ் அப்படியில்லை. வெளியே 25 டிகிரி இருந்தாலும் பிடிக்கும். காரணம்: கார்புரேட்டரில் வென்சுரி என்ற, நடுவில் ஒடுங்கிய குழாயின் குறுகலில் காற்று விரியும்போது குளிரும், அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகும்போதும் குளிரும். இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் ஐஸாக ஒட்டும். த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் இடைவெளி ஏற்கெனவே சின்னது, கொஞ்சம் ஐஸ் வந்தாலே அடைத்துவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஒரு காலை நேரத்துக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்குத் தோதான காற்று அதுதான்.

அறிகுறி: சுழலி இலைகளின் கோணம் மாறாத எஞ்சினில் சுற்று எண்ணிக்கை மெள்ள மெள்ளக் குறையும். விமானி த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றிச் சரிசெய்வார். மறுபடி குறையும், மறுபடி ஏற்றுவார். கடைசியில் ஏற்ற இடமிருக்காது. மருந்து, புகைபோக்கியின் சூட்டில் காய்ந்த காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் மடல். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். சூடான காற்றைத் திறந்தவுடன் எஞ்சின் இன்னும் மோசமாக இருமும், ஏனென்றால் உருகிய தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. 'திறந்ததால்தான் கெட்டது' என்று பயந்து மூடிவிட்டால் கதை முடிந்தது. முழுதாகத் திறக்க வேண்டும், இருமல் நிற்கும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். பாதி திறப்பது சில நேரம் திறக்காததைவிடக் கேடு: மிகக் குளிர்ந்த காற்றில் ஐஸ் துகளாகவே வெளியே போய்விடும், அதைப் பாதிச் சூட்டில் ஈரமாக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

உதாரணத்துக்கு 1939 ஜனவரி 21, இம்பீரியல் ஏர்வேஸின் கேவலியர் என்ற பறக்கும் படகு. நியூயார்க்கிலிருந்து பெர்முடா போகும் வழியில் கார்புரேட்டர்களில் ஐஸ் பிடித்து எஞ்சின்கள் சக்தி இழந்து கடலில் இறங்கியது. 13 பேரில் மூன்று பேர் இறந்தார்கள். மற்ற பத்துப் பேரும் சுமார் பத்து மணி நேரம் தண்ணீரில் மிதந்த பிறகு ஓர் எண்ணெய்க் கப்பல் மீட்டது. விமானத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லை.

இறக்கை ஐஸ் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். விமானத்தை விழவைப்பது ஐஸின் எடையைவிட, அது இறக்கையின் வடிவத்தைக் கெடுப்பதுதான். முன்விளிம்பில் கரடுமுரடாக ஒட்டினால் காற்று மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து தூக்குவிசை குறையும். இதற்குத்தான் 1930-களின் தொடக்கத்தில் குட்ரிச் நிறுவனம் முன்விளிம்பில் ரப்பர் உறை போட்டது. உறைக்குள் காற்றை ஏற்றி இறக்கினால் ஐஸ் உடைந்து உதிரும்.

கருவிகளிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விமானம் திரும்புவதைக் காட்டும் கருவிக்குள் கைரோ என்ற சுழல்சக்கரம் இருக்கும். அதைச் சுற்றவைக்கத் தேவையான உறிஞ்சு விசைக்கு, விமானத்தின் வெளிப்பக்கம் ஒரு வென்சுரிக் குழாயை மாட்டியிருப்பார்கள். ஐஸ் முதலில் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதாவது மேகத்துக்குள் கைரோ அவசியம் வேண்டும் என்கிற அதே நேரத்தில் கைரோ நிற்கும். எஞ்சினோடு இணைத்த வெற்றிடப் பம்பு வந்த பிறகுதான் இது தீர்ந்தது. எதிர்வரும் காற்றை வேகமானிக்குக் கொண்டுபோகும் பிட்டோ குழாய்க்கும் இதே கதி, அதற்கு மின்சூடு வைத்தார்கள்.

ஒரே நாளில் கொல்லாமல், மெதுவாகக் கொல்லும் வானிலையும் உண்டு. அது ஈரம். 1931 மார்ச் 31, அமெரிக்காவின் கான்ஸாஸில் ஃபோக்கர் எஃப்-10 ஒன்று விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள், புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட. முதலில் ஐஸ் என்றார்கள். பிறகு தெரிந்தது: மர இறக்கைக்குள் ஈரம் இறங்கி, சட்டங்களை ஒட்டிய பசை விட்டுப்போயிருந்தது. அப்படிப்பட்ட இறக்கை, குலுக்கும் காற்றில் கழன்றது. மேலே ஒட்டுப்பலகை மூடியிருப்பதால் உள்ளே பார்க்க, பலகையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சோதனைச் செலவை விமான நிறுவனங்களால் தாங்க முடியவில்லை. போயிங் 247, டக்ளஸ் டிசி வரிசை என்று முழு உலோக விமானங்கள் வேகமாக வந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

பொருநைக்கரை எழுதியது:

அண்ணாச்சிமார் இருவருக்கும் நன்றி. 'காற்றை அளக்கும், தரையை அளக்காது' என்ற வரியைப் பெரிய எழுத்தில் வைக்கப் போகிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. உயரமானி அப்போதே இருந்ததுதானே? மேகத்துக்குள் எதுவும் தெரியாவிட்டாலும், மலையைவிட உயரமாக இருக்கிறோமா என்று அதைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே?

வல்லநாட்டு மேடு பதில்:

உயரமானி இருந்தது. ஆனால் அது உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் ஏறக்குறைய எட்டரை மீட்டர் ஏறியதாகக் காட்டும். அழுத்தம் குறைந்தது நாம் ஏறியதாலா, வானிலை மாறியதாலா என்று அதற்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கிளம்பும் இடத்தில் முள்ளைச் சுழியத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். போய்ச் சேரும் ஊரில் புயல்சின்னத்தால் அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் குறைவு என்றால், தரைக்கு மேல் 170 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கருவி காட்டும்போது சக்கரம் தரையில் இருக்கும். அதுவும் இரண்டு ஊரும் ஒரே மட்டத்தில் இருந்தால். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு நாளுக்குள் அவ்வளவு மாறுவது சாதாரணம். நம் பக்கம் புயல் நேரம் தவிர அவ்வளவு மாறாது.

தீர்வு இரண்டு துண்டாக வந்தது. அழுத்த எண்ணைத் திருகி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள, நுட்பமான கால்ஸ்மன் உயரமானி ஒரு துண்டு. இறங்கும் ஊரின் அழுத்தத்தை ரேடியோவில் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னொரு துண்டு. ஒன்றில்லாமல் மற்றது வீண். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் வெளியே எதையும் பார்க்காமல் கிளம்பி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அவரிடம் இருந்தவை இந்த உயரமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் ஸ்பெர்ரியின் செயற்கைத் தொடுவானம், திசைக் கைரோ, ரேடியோ வழிகாட்டி. ஆனால் இவை எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் வந்து, விமானிகள் பழகி, தரையில் ரேடியோ நிலையங்கள் எழும்ப இன்னும் பல வருடம் ஆனது. 1930-களின் விபத்துகள் பலவும் இந்த இடைவெளிக்குள் விழுந்தவை.

அமெரிக்க ரேடியோ வழித்தடங்களில் ஒரு பக்கம் 'டிட்-டா', மறுபக்கம் 'டா-டிட்' கேட்கும். நடுவில் சரியாகப் போனால் இரண்டும் கலந்து ஒரே நீளமான ஒலி. அருமையான யோசனை. ஆனால் தாழ்ந்த அலைவரிசை என்பதால் இடிமின்னல் நேரத்தில் காதில் கரகரப்பு மட்டுமே மிஞ்சும். எப்போது தேவையோ அப்போது கேட்காது.

மணிமுத்தாறு பதில்:

ஐஸைத் தவிர நம் பக்கம் வேறு என்ன ஆகும் என்பதற்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

டாடாவின் தபால் விமானம் 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் தொடங்கியது. அவர்களுக்கு முதல் எதிரி தரை. பம்பாய் ஜூஹு மைதானம் மழைக்காலத்தில் சேறாகிவிடும், அந்த மாதங்களில் தளத்தைப் புனேவுக்கு மாற்றிக்கொள்வார்கள். 1938-ல் சேவை திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. திருச்சியிலிருந்து தென்கிழக்கே கடலைத் தாண்டிப் போகும் வழி அது, நம் மலைப்பக்கம் வராது.

வந்திருந்தால்? ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, பொதிகையின் மேல் ஏறி நம் பக்கம் சரியும். அகத்தியமலை 1,868 மீட்டர். மேற்கே ஏறும்போது மழையைக் கொட்டிவிடுவதால் நம் பக்கம் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காற்று மலையிலிருந்து கீழ்நோக்கிப் பாயும், அடிவாரத்துக்கு மேலே சுருண்டு புரளும். அந்தக் காலச் சின்ன விமானங்கள் நொடிக்கு மூன்று மீட்டர் அளவுக்குத்தான் ஏறும். சரியும் காற்று நொடிக்கு ஐந்து மீட்டர் என்றால், முழு வேகத்தில் ஏறிக்கொண்டே நொடிக்கு இரண்டு மீட்டர் இறங்குவார்கள். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மேற்கே மலையை நோக்கிப் போகிறவருக்கு இது கண்ணுக்கே தெரியாத பொறி. அதனால்தான் மலைமுகட்டை நேராக அணுகாமல் 45 பாகைக் கோணத்தில் பக்கவாட்டாக அணுகச் சொல்வார்கள், இறங்கத் தொடங்கினால் பாதிச் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி வெளியே வந்துவிடலாம். முகட்டுக்கு மேல் குறைந்தது 600 மீட்டராவது இருக்க வேண்டும், காற்று பலமாக இருந்தால் அதைவிடவும் கூடுதல்.

தரையைப் பொறுத்தவரை, கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரத்துக் கரிசல் கோடையில் கல் மாதிரி, வெடிப்பில் சக்கரம் மாட்டும். ஐப்பசி மழையில் களி. அதில் சக்கரம் புதைந்தால் விமானம் மூக்கு குத்திக் கவிழும், ஏனென்றால் அந்தக் கால விமானங்களில் பெரிய சக்கரங்கள் முன்னால், வாலில் சின்னச் சக்கரம் அல்லது ஒரு சறுக்குக் கட்டை. குறுக்குக் காற்றும் அவற்றுக்கு ஆகாது. அதனால்தான் அப்போது நீளமான ஓடுபாதை போடாமல், எந்தத் திசையிலும் ஓடக்கூடிய விரிந்த புல்வெளியாக வைத்திருந்தார்கள். காற்றுப்பையைப் பார்த்து எதிர்க்காற்றில் கிளம்புவார்கள். இப்போதைய தூத்துக்குடி ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேல்காற்றுக்கும், கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கும் ஏற்ற திசை.

இடிமேகத்தையும் விட்டுவிடாதீர்கள். 1929 செப்டம்பர் 3, அமெரிக்காவின் டெய்லர் மலையில் ஃபோர்டு மூன்று எஞ்சின் விமானம், இறந்தது எட்டுப் பேர். 1934 டிசம்பர் 20, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) போன கேஎல்எம்மின் உய்வர், இராக்கில் ருத்பா அருகே இடிமழையில், ஏழு பேர். இரண்டே மாதம் முன்புதான் அந்த விமானம் லண்டன்-மெல்போர்ன் பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருந்தது. 1940 ஆகஸ்ட் 31, வர்ஜீனியாவில் லவட்ஸ்வில் அருகே டிசி-3, 25 பேர். இடிமேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. 1946, 47-ல் ஃபுளோரிடாவிலும் ஒஹையோவிலும் ராணுவ விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டி அளந்தார்கள். மேல்நோக்கிய காற்றும் மழையோடு இறங்கும் காற்றும் அருகருகே இருப்பதும், இறங்கும் காற்று தரையில் மோதி விரிவதும் அளவோடு தெரிந்தது அப்போதுதான். நம் சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன்னால் புழுதியோடு ஒரு குளிர்காற்று வீசுமே, அதுதான் அந்த விரியும் காற்று.

உங்கள் காலவரம்பைத் தாண்டினாலும் தமிழ்நாட்டு விபத்து ஒன்று: 1950 டிசம்பர் 13, ஏர் இந்தியா டிசி-3 பாதை விலகி நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி முகட்டருகே மலையில் மோதியது. இறந்த 21 பேரில் ஆபிரகாம் வால்ட் ஒருவர். போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை வைத்து, திரும்பாத விமானங்களுக்கு எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட்ட புள்ளியியல் அறிஞர். கணக்கு வாத்தியார் இருந்தால் அவரிடம் இந்தப் பகுதியைக் கொடுத்துவிடலாம்.

வல்லநாட்டு மேடு பதில்:

சோதனைகள் மூன்று சொல்கிறேன், டீச்சர்.

முதலாவது, ஏறும் மேஜை. காற்றழுத்த உணரி உள்ள போன் வேண்டும், எல்லாப் போனிலும் இருக்காது. செயலி இணையத்திலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ உயரம் எடுக்காமல், உணரியின் அழுத்தத்தை மட்டும் காட்ட வேண்டும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும், அதே மேஜையில், அதே போன். நம் அட்சரேகையில் அழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கு வந்து, நான்கு மணியளவில் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். எட்டரையால் பெருக்கினால் மேஜை 25 முதல் 35 மீட்டர் 'ஏறியிருக்கும்'. பத்து மாடி உயரம். புயல்சின்னம் இருக்கும் நாளில் செய்தால் கணக்கு கலங்கும்.

இரண்டாவது, கார்புரேட்டர் குளிர்ச்சி. சாதாரண வெப்பமானியின் குமிழில் பஞ்சு சுற்றி, மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, விசிறுங்கள். ஓரிரு நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். உடல் சூடு பார்க்கும் வெப்பமானி ஆகாது, அது கீழே இறங்காது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, பெட்ரோலைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். கச்சான்காற்று அண்ணாச்சி சொன்ன மூன்றாவது இழப்பு, விமானத்தை நேராக வைப்பது, இதில்தான் புரியும். 1926-ல் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கருக்கு மருத்துவர் ஒருவர் செய்துகாட்டிய சோதனை இது. சத்தமில்லாமல் சுழலும் அலுவலக நாற்காலி. பிள்ளையை உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுங்கள். தலை நேராக, கைகள் மடியில், எந்தப் பக்கம் சுற்றுவதாகத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நொடி என்ற சீரான வேகத்தில் சுற்றுங்கள். பதினைந்து, இருபது நொடியில் கட்டைவிரல் நிமிர்ந்துவிடும். நாற்காலி நின்றுவிட்டதாக அவன் நம்புகிறான், நீங்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். இப்போது மெதுவாக நிறுத்துங்கள். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் காட்டும்.

காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்த் திரவம் வேக மாற்றத்தை மட்டும் உணரும், சீரான சுழற்சியை உணராது. மேகத்துக்குள் விமானம் மெள்ளச் சாய்ந்து திரும்பினால் விமானிக்கு நேராகப் போவதாகத்தான் தோன்றும். உயரம் குறைவதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுப்பார். சாய்ந்த விமானத்தில் அது ஏற்றாது, விமானம் சுருண்டு இறங்கும் வட்டத்தை இன்னும் இறுக்கும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை இப்படிச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில்.

சோதனை கெடும் இடங்கள்: மின்விசிறி ஓடினால் முகத்தில் படும் காற்று திசையைச் சொல்லிவிடும், நிறுத்திவிடுங்கள். ஜன்னல் வெயிலும் கண்கட்டு வழியே தெரியும், அறை இருட்டாக இருக்கட்டும். சுற்றி நிற்கிற பிள்ளைகள் பேசினால் குரல் வரும் பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சுழலும்போது தலையைக் குனியவிடாதீர்கள், உடனே வாந்தி வரும். சாப்பிட்டவுடன் வேண்டாம். நிறுத்தியதும் ஒரு நிமிடமாவது உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று, பிறகு எழுப்புங்கள்.